ஏழாவது வியாழன்

ஓஹோ செக்கோ என்றால் அவர்கள் மொழியில்
வற்றிய ஊற்றுக்கண்.
நியூ மெக்ஸிகோ வரைபடத்தில் தேடினால்
ஒரு பெட்ரோல் பங்க்,
ஒரு மாட்டுச் சந்தை,
நான் சம்பளம் வாங்கும் அலுவலகம்.

புல்லை எடைபோடுவது என் வேலை.
கண்ணை மூடிக்கொண்டு இரும்பு வளையத்தை எறிவேன்.
அது விழுந்த இடத்துக்குள் இருப்பதைத்
தரையோடு கத்தரித்துக்
காகிதப் பையில் போட்டு
அடுப்பில் உலர்த்தி
கிராமில் எழுதுவேன்.
மூன்று வருடம் முன்பு நாற்பத்தொன்று.
போன வருடம் பதினெட்டு.
இந்த ஜூனில் யூலாலியா ஆர்மிஹோவின் வடக்கு மேய்ச்சலில்
புல்லைவிடப் பை கனத்தது.
"கண்ணைத் திறந்துகொண்டு எறிந்து பாரேன்" என்றாள்.
விதி அப்படி என்றேன்,
எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று
எனக்கே தெரியாமல்.

வறட்சி வரைபடம் வியாழக்கிழமைகளில் வரும்.
மஞ்சள், மணல், ஆரஞ்சு, சிவப்பு,
அதற்கும் மேல்
காய்ந்த ரத்தத்தின் நிறம்.
ஆரஞ்சு எட்டு வாரம் தொடர்ந்து நின்றால்
மாட்டுக்கு இவ்வளவு என்று நிவாரணம்.
ஏழு வாரம் நின்றால்
ஏழு வாரம் நின்றது, அவ்வளவுதான்.

அதனால் மே மாதத்திலிருந்து இங்கே
ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரார்த்தனை.
ஞாயிறு, தேவாலயத்தில், எல்லோரும் கேட்க,
மழை வேண்டி.
வியாழன், பிக்கப் வண்டிக்குள், ரேடியோவை அணைத்துவிட்டு,
இன்னும் கொஞ்சம் பொறு என்று.

ஏழாவது வாரம் செவ்வாய் இரவு
விமான ஓடுதளத்து மழைமானியில்
முக்கால் அங்குலம்.
ஓடுதளத்தில் மாடு எதுவும் மேய்வதில்லை.
முப்பது மைல் தள்ளி யூலாலியா
வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு மின்னலைப் பார்த்தாளாம்.
வாசனை மட்டும் வந்ததாம்.
அன்று காலை சந்தைக்குப் போனவை எழுபது;
மிஞ்சிய நாற்பதும் ஒரே நேரத்தில்
அந்தத் திசைக்குத் தலையைத் திருப்பினவாம்.

வியாழனன்று ஆரஞ்சு மணலானது.
எங்கள் வரைபடத்தில்
மணல் என்றால் முன்னேற்றம்.
இனி சிவந்தாலும் கறுத்தாலும்
எண்ணிக்கை ஒன்றிலிருந்து.

வெள்ளியன்று வந்தாள்.
சண்டைக்குத்தான் என்று நினைத்து
மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை
ஏனோ நகர்த்தி வைத்தேன்.
அவள் வைத்தது ஒரு ரசீது:
நிலப்பாதுகாப்புத் திட்டம், இரண்டாம் தவணை.
நான்கில் மூன்று பங்கு அரசு தரும்.
ஆறு மைல் குழாய், சூரிய பம்பு,
வட்டத் தொட்டி இரண்டு,
தவறி விழும் பறவைகள் ஏறி வரத்
தொட்டிக்குள் ஒரு கம்பிவலை ஏணி. அது கட்டாயம்.

"ஏணி வெச்சாச்சா?"
நான் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.
"வெச்சாச்சு" என்று படத்தை நீட்டினாள்.
தொட்டி.
அடியில் பாளம் பாளமாக வெடித்த சேறு.
ஏணியின் மேல்படியில் ஒரு சாம்பல் குருவி,
இறங்கிப் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்ததுபோல.
"கிணறு?"
"முந்நூற்றிருபது அடியில காத்து வருது."

கையெழுத்துப் போட்டேன்.
ஏணிக்குப் பணம் நாற்பது நாளில் வந்துவிடும்.
படிவத்தின் பின்புறம்
மிஞ்சிய மாடுகளின் காதுத்தகட்டு எண்களை
யாரும் கேட்காமலே எழுதியிருந்தாள்.
ஒன்றுக்கு மட்டும் எண் இல்லை, பெயர்.
அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை.

கதவு வரை போனவள் நின்றாள்.
"ஒரு மழைமானி என்ன விலை?
அதுக்கு ஏதாவது திட்டம் இருக்கா?"
இருந்தது.
இலவசம்தான்.
தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து அனுப்ப வேண்டும்.
"பெய்யலன்னா?"
பூஜ்யத்தையும் எழுத வேண்டும் என்றேன்.
"அது எனக்கு நல்லா வரும்."

எழுபத்தொரு நாளாக வருகிறது.
ஏழு மணி, பூஜ்யம்.
ஏழு மணி, பூஜ்யம்.
கன்று போட்ட நாளில் மட்டும்
ஏழே கால், பூஜ்யம்.
நேற்று எண்ணுக்குப் பக்கத்தில்
குறிப்பு எழுதக் கூடாத இடத்தில்
எழுதியிருந்தாள்:
ஏணியில் கொஞ்சம் பனி.